ஐரோப்பாவுக்குள் சொந்தப் படகை நாடு மாற்ற: எந்த ஆவணம், யாருக்கு, எப்போது

நெதர்லாந்தில் பழைய பாய்மரப் படகொன்றை வாங்கி பிரான்ஸ், ஸ்பெயின், இத்தாலி வழியாகக் கிரீஸ் வரை ஓட்டிப்போகிறவரை முதல் மூன்று நாடுகளில் ஒருவர்கூட நிறுத்தாமல் போகலாம். நான்காவது நாட்டில், நங்கூரம் போட்டுச் சோறு வடித்துக்கொண்டிருக்கும்போது, சுங்கத்துறையின் ரப்பர் படகு பக்கத்தில் வந்து நிற்கும். அவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் "வாட் (மதிப்புக் கூட்டு வரி) கட்டிய அத்தாட்சி எங்கே?" என்பதுதான். அதைத் தேடிக்கொண்டிருக்க அப்போது நேரம் இருக்காது. புறப்படுவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே, கரையில் இருக்கும்போதே இந்த வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.

இங்கே சொல்வதெல்லாம் 24 மீட்டருக்குக் குறைந்த, சொந்த உபயோகத்துக்கான படகுகளுக்குத்தான். வாடகைக்கு விடும் படகுக்கு விதிகள் வேறு.

முதலில் ஒன்றைப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். படகின் கொடி ஒரு கணக்கு. படகின் வரிநிலை இன்னொரு கணக்கு. படகில் இருக்கும் ஆட்களின் விசா மூன்றாவது கணக்கு. மூன்றுக்கும் வரைபடம்கூட வேறு வேறு. நார்வே, நாட்டுக்கு நாடு எல்லைச் சோதனை இல்லாத ஷெங்கன் வட்டத்துக்குள் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க எல்லைக்குள் இல்லை. அயர்லாந்தும் சைப்ரஸும் இதற்கு நேர்மாறு: சுங்க எல்லைக்குள் உண்டு, ஷெங்கனில் இல்லை. கேனரித் தீவுகள் சுங்க எல்லைக்குள் இருந்தாலும் வாட் எல்லைக்கு வெளியே. ஜெர்சி, குர்ன்ஸி இரண்டுக்கும் வெளியே. ஒரு கணக்கைச் சரிசெய்யப் போய் இன்னொன்றைக் கெடுத்துக்கொள்வதுதான் இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் தவறு. கீழே அதற்கு உதாரணங்கள் நிறைய வரும்.

கொடியும் உரிமையும்

பதிவுச் சான்றிதழின் அசல் படகிலேயே இருக்க வேண்டும். நகலை ஏற்க மறுக்கும் துறைமுகங்கள் மத்தியதரைக் கடலில் சர்வசாதாரணம். பதிவு என்பது எல்லா நாட்டிலும் ஒரே பொருளில் இல்லை என்பதையும் கவனியுங்கள். பிரிட்டனின் சிறு கப்பல் பதிவேடு 5 ஆண்டுக்குச் செல்லும். அது கொடியைத்தான் காட்டும், உரிமையைக் காட்டாது. அதே நாட்டின் முதற்பகுதிப் பதிவேடு உரிமைக்கும் அத்தாட்சி. அடமானம் இருந்தால் அதிலேயே தெரியும். ஜெர்மனியில் 15 மீட்டருக்கு மேற்பட்ட கடற்படகு நீதிமன்றத்தில் உள்ள கப்பல் பதிவேட்டில் ஏற வேண்டும். அதற்குக் குறைந்ததற்குக் கொடிச் சான்றிதழ் போதும். உங்கள் பதிவு உரிமையைக் காட்டாத வகை என்றால், விற்பனைப் பத்திரத்தையும் அதோடு சேர்த்தே வையுங்கள். முதல் உரிமையாளர் முதல் உங்கள் வரை ஒரு கண்ணியும் விடுபடாமல் எல்லாப் பத்திரங்களும் இருந்தால் உத்தமம்.

அடுத்து, படகின் அடையாள எண். பின்புறப் பலகையின் வலது மேல் மூலையில் பொறித்திருக்கும் 14 இலக்கக் குறியீடு அது: நாட்டுக்கு 2, கட்டியவருக்கு 3, வரிசை எண்ணுக்கு 5, கட்டிய மாதத்துக்கு 1, ஆண்டுக்கு 1, மாடல் ஆண்டுக்கு 2. பதிவுச் சான்றிதழ், விலைப்பட்டியல் (இன்வாய்ஸ்), காப்பீடு மூன்றிலும் இதே எண் இதே வரிசையில் இருக்கிறதா என்று விரலை வைத்து ஒப்பிடுங்கள். ஓர் இலக்கம் மாறியிருந்தால் அந்த விலைப்பட்டியல் வேறொரு படகுடையது என்று சொல்ல அதிகாரிக்கு உரிமை உண்டு. பலகையைப் படம் எடுத்துக் கோப்பில் சேர்த்துவிடுங்கள். ரப்பர் படகையும் பின்தளத்தையும் மாட்டிய பிறகு அந்த எண் கண்ணில் படாது.

கொடியை மாற்றுவதென்றால் வரிசை முக்கியம். பழைய நாட்டுப் பதிவேட்டிலிருந்து நீக்கச் சான்றிதழ் வாங்கிய பிறகுதான் புதிய நாடு பதியும். இரண்டுக்கும் இடைப்பட்ட நாட்களில் படகுக்குக் கொடியே இருக்காது; அந்த நாட்களில் எல்லை கடக்கக்கூடாது. கொடி மாறினால் வானொலியில் படகை அடையாளம் காட்டும் எம்.எம்.எஸ்.ஐ. எண்ணும் மாற வேண்டும், ஏனென்றால் முதல் மூன்று இலக்கம் நாட்டைக் குறிக்கும்: பிரிட்டனுக்கு 232 முதல் 235, குரோஷியாவுக்கு 238, இத்தாலிக்கு 247. பேசுவதற்கான வி.எச்.எஃப். வானொலிக் கருவிகளும், படகு இருக்கும் இடத்தை ஒலிபரப்பும் ஏ.ஐ.எஸ். கருவிகளும் பெரும்பாலும் இந்த எண்ணை ஒருமுறைதான் உள்ளிட விடும். பிறகு விற்பனையாளரிடம் போய்த்தான் அழிக்க வேண்டும். அவசர மிதவையான ஈபர்பையும் புதிய நாட்டில் பதிய மறக்காதீர்கள். இதை மறந்தவரின் ஆபத்துச் சமிக்ஞை பழைய நாட்டின் மீட்பு மையத்துக்குப் போகும், பழைய உரிமையாளரின் மனைவிக்குத் தொலைபேசி வரும்.

வரிநிலை

இதில்தான் பணம் போகும். ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க எல்லைக்குள் மிதக்கும் எந்தப் படகும் இரண்டில் ஒன்றாக இருக்க வேண்டும்: வாட் கட்டிய ஒன்றியப் பொருள், அல்லது தற்காலிக அனுமதியில் வந்த வெளிப்பொருள். மூன்றாவது வகை என்றால் அதற்குப் பெயர் வரி பாக்கி. எந்த நாட்டில் பிடிபடுகிறதோ அந்த நாட்டின் விகிதத்தில் படகின் இன்றைய மதிப்புக்கு வாட் கேட்பார்கள்: மால்டாவில் 18 சதவீதம், பிரான்ஸில் 20, ஸ்பெயினில் 21, இத்தாலியில் 22, கிரீஸில் 24, குரோஷியாவில் 25.

வாட் கட்டியதைக் காட்டும் மிகச் சிறந்த ஆதாரம், படகு புதிதாக விற்கப்பட்டபோது கொடுத்த, வாட் தொகை தனியாகக் காட்டப்பட்ட அசல் விலைப்பட்டியல். தனியார் ஒருவர் இன்னொரு தனியாருக்கு விற்கும்போது வாட் வருவதில்லை. ஆகவே உங்கள் விற்பனைப் பத்திரம் மட்டும் எதையும் நிரூபிக்காது. 20 ஆண்டுக்கு முந்தைய அந்த முதல் தாள்தான் வேண்டும். பழைய படகு வாங்கும்போது பணம் கொடுக்கும் முன்பே இதைக் கேட்டு வாங்குங்கள். பணம் கைமாறிய பிறகு விற்றவர் பரணில் ஏறித் தேடமாட்டார். வெளியிலிருந்து இறக்குமதியான படகு என்றால் சுங்க அறிக்கையும் கட்டிய ரசீதும் வேண்டும். ஒன்றியப் பொருள் என்பதற்குச் சுங்கமே தரும் டி2எல் அத்தாட்சியும் உண்டு. 2024 மார்ச் முதல் இது கணினி வழியாகக் கிடைக்கிறது.

பழைய படகுகளுக்கு ஒரு விலக்கு. 1985 ஜனவரி 1-க்கு முன் பயன்பாட்டுக்கு வந்து, 1992 டிசம்பர் 31 நள்ளிரவில் ஒன்றியத்துக்குள் இருந்த படகுக்கு வாட் கட்டியதாகவே கருதுவார்கள். ஆஸ்திரியா, சுவீடன், பின்லாந்தில் இருந்தவற்றுக்கு 1987 ஜனவரி 1, 1994 டிசம்பர் 31 என்று தேதிகள் மாறும். படகைக் கட்டிய ஆண்டைக் காட்டுவது சுலபம். அந்த ஒரு நள்ளிரவில் படகு எங்கே நின்றது என்பதைக் காட்டும் மரீனா (படகுத்துறை) ரசீதுதான் கிடைக்காது.

பிரெக்ஸிட்டும் இதேபோல ஒரு நள்ளிரவை உண்டாக்கியது. 2020 டிசம்பர் 31 அன்று பிரிட்டன் மாறுதல் காலத்திலிருந்து வெளியேறிய நொடியில் ஒன்றியத்துக்குள் இருந்த படகு, வாட் கட்டியிருந்தால், ஒன்றிய நிலையைத் தக்கவைத்துக்கொண்டது. இங்கிலாந்துத் துறைமுகத்தில் இருந்தது அதை இழந்தது. விற்பவர் "எல்லா வாட்டும் கட்டியாச்சு" என்றால் உடனே கேட்க வேண்டிய கேள்வி: வாட் எங்கே கட்டியது, அந்த இரவு படகு எங்கே நின்றது?

ஒன்றிய நிலை உள்ள படகுக்கும் காலக்கெடு உண்டு. துருக்கியிலோ துனிசியாவிலோ 3 ஆண்டுக்கு மேல் நின்றுவிட்டால், வரியில்லாமல் திரும்பும் சலுகை பொதுவாகப் போய்விடும். வெளியே கொண்டுபோன அதே ஆள்தான் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பதும் நிபந்தனை. துருக்கியின் மர்மாரிஸில் நிற்கும் 'வாட் கட்டிய' படகை அங்கேயே வாங்கினால், உங்களுக்கு அது வாட் கட்டாத படகு. விலை குறைவாக இருப்பதன் காரணமும் பெரும்பாலும் அதுதான்.

தற்காலிக அனுமதி: 18 மாதம்

உரிமையாளர் ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர், படகு வெளியே பதிவானது, பயன்பாடு சொந்தத்துக்கு மட்டும்: இந்த மூன்றும் சேர்ந்தால் வாட் இல்லாமல் 18 மாதம் உள்ளே இருக்கலாம். 2025 மே 1-ல் செர்பூரில் நுழைந்த பிரிட்டிஷ் படகு 2026 அக்டோபர் 31-க்குள் வெளியேற வேண்டும். பிரான்ஸிலிருந்து ஸ்பெயினுக்குப் போனால் கணக்கு புதிதாகத் தொடங்காது. ஒன்றியம் முழுவதற்கும் ஒரே கடிகாரம். துருக்கி, அல்பேனியா, மாண்டினீக்ரோ, துனிசியா போன்ற இடத்துக்குப் போய்வந்தால்தான் புதுக் கணக்கு.

போய்வந்ததை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. துறைமுக நுழைவுத் தாள், தேதியிட்ட மரீனா ரசீது, டீசல் ரசீது, பயணப் பதிவேட்டின் பக்கம், ஏ.ஐ.எஸ். தடத்தின் படம் என்று எதையும் விடாதீர்கள். முதலில் நுழைந்த நாளுக்கும் ஓர் ஆதாரம் வேண்டும். பல நாடுகளில் எல்லை கடப்பதையே அறிவிப்பாக எடுத்துக்கொள்கிறார்கள், தாள் ஒன்றும் தருவதில்லை. கேட்டால் தருவார்கள், கேளுங்கள். கிரீஸில் ஒன்றியத்துக்கு வெளிக்கொடி உள்ள படகுக்குச் சுங்கத்தில் டிரான்சிட் லாக் எனும் பயண அனுமதித் தாள் எடுத்தாக வேண்டும். அதுவே நல்ல சாட்சி.

இந்த அனுமதி எளிதாக உடையும் இடங்கள்:

பாரிஸில் வசிக்கும் தம்பியிடம் "இரண்டு வாரம் ஓட்டிக்கோ" என்று சாவியைக் கொடுப்பது. ஒன்றியத்தில் வசிப்பவர் எப்போதாவது ஓட்ட சட்டத்தில் இடம் உண்டு, ஆனால் உரிமையாளர் சொல்லி ஓட்ட வேண்டும், அந்த நேரம் உரிமையாளரும் ஒன்றியத்துக்குள் இருக்க வேண்டும். நீங்கள் லண்டனில் இருந்துகொண்டு தம்பி சிசிலியில் ஓட்டினால் படகுக்கு வரி விழும்.

கொடியை மாற்றுவது. ஒன்றியக் கொடி ஏற்றினால் கேள்வி வராது என்று நினைத்து மாற்றுகிறார்கள். கொடி வரி கட்டியதற்கு அத்தாட்சி அல்ல. அதோடு, வெளிப்பதிவு என்ற நிபந்தனையே போய்விடுவதால் அனுமதியும் போகிறது.

மூன்றாவதுதான் விலை அதிகம். ஷெங்கனில் 90 நாளுக்கு மேல் தொடர்ந்து தங்க முடியாத தொல்லையிலிருந்து தப்பிக்க ஸ்பெயினிலோ போர்ச்சுகலிலோ குடியிருப்பு அட்டை வாங்குகிறார்கள். அன்றோடு உரிமையாளர் ஒன்றியவாசி. தற்காலிக அனுமதிக்குத் தகுதி இல்லை. ஸ்பெயினில் குடியேறினால் 8 மீட்டருக்கு மேற்பட்ட படகுக்கு 12 சதவீதப் பதிவு வரியும் பின்னாலேயே வரும். நிஜமாகவே குடிபெயர்கிறவர்களுக்கு நல்ல வழி ஒன்று உண்டு: வீட்டுச் சாமானோடு படகையும் வரியில்லாமல் கொண்டுவரலாம். குறைந்தது 12 மாதம் வெளியே வசித்திருக்க வேண்டும், படகு 6 மாதமாவது உங்கள் உடைமையாக உபயோகத்தில் இருந்திருக்க வேண்டும், குடியேறிய 12 மாதத்துக்குள் கொண்டுவர வேண்டும், பிறகு 12 மாதம் விற்கவோ இரவல் தரவோ கூடாது. விண்ணப்பத்தைக் குடியேறும் முன்பே எழுதி வையுங்கள். ஸ்பெயினின் பதிவு வரி விலக்குக்குத் தனி விண்ணப்பம், தனிக் கெடு.

முறையாக இறக்குமதி செய்வதென்றால் வாட்டோடு, ஒன்றியத்தின் பாதுகாப்பு விதிகளின்படி கட்டியது என்று காட்டும் சி.இ. குறியும் கேட்பார்கள். 1998 ஜூன் 16-க்குப் பிறகு ஒன்றியச் சந்தைக்கு வரும் 2.5 முதல் 24 மீட்டர் வரையிலான படகுக்கு அது கட்டாயம். அமெரிக்காவில் கட்டிய, குறி இல்லாத படகு என்றால் கட்டிய பின்னான மதிப்பீடு ஒன்றைச் செய்ய வேண்டும். செலவு படகின் விலையைப் பார்த்து வருவதில்லை, சின்னப் படகுக்குக் கட்டுப்படியாகாது.

ஆட்கள்

ஷெங்கன் விசா விலக்கோ குறுகியகால விசாவோ உள்ளவர் எந்த 180 நாளிலும் 90 நாள்தான் இருக்கலாம். ஒவ்வொரு நாளும் பின்னோக்கி 180 நாள் எண்ணிப் பாருங்கள். வந்த நாளும் போன நாளும் முழு நாளாகச் சேரும். படகை மரீனாவில் விட்டுவிட்டு நீங்கள் விமானத்தில் போனால் உங்கள் நாள் ஓடாது, படகின் 18 மாதம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்.

இந்தியா, இலங்கை கடவுச்சீட்டில் கப்பலோட்ட உதவிக்கு வருகிறவர்களுக்குப் பலமுறை நுழைவு விசாவே வேண்டும். கிரீஸின் ரோட்ஸ் தீவிலிருந்து படகின் 18 மாதக் கடிகாரத்தைத் திருப்ப மர்மாரிஸ் போய்வர நினைத்து, ஒருமுறை விசா உள்ளவரை ஏற்றிச் சென்றால், படகு திரும்பும், அவர் திரும்ப முடியாது. துருக்கியின் அனுமதியும் அவருக்குத் தனியாக வேண்டும்.

ஷெங்கன் வெளி எல்லையைக் கடக்க நுழைவுத் துறைமுகம் வழியாகத்தான் போக வேண்டும், அழகான குட்டி மரீனா வழியாக அல்ல. துருக்கிப் பக்கத்துக்குக் கோஸ், ரோட்ஸ், சாமோஸ். குரோஷியாவிலிருந்து மாண்டினீக்ரோவுக்குப் போகிறவர் டுப்ரோவ்னிக் போன்ற துறைமுகத்தில் வெளியேற்றம் முடிக்க வேண்டும். 2025 அக்டோபர் 12 முதல் முத்திரைக்குப் பதில் விரல்ரேகையும் முகமும் பதியும் கணினி முறை படிப்படியாக வந்திருக்கிறது. குரோஷியா 2023 ஜனவரி 1-ல் ஷெங்கனுக்குள் வந்ததால், இத்தாலியிலிருந்து வரும் படகுக்கு இப்போது அங்கே எல்லைச் சோதனை இல்லை. பழைய வழிகாட்டிகளை வைத்துக்கொண்டு அங்குள்ள உமாக் துறைமுகத்தில் காவல் நிலையத்தைத் தேடாதீர்கள்.

ஆட்பட்டியலை ஆறு நகலாவது எடுத்து வையுங்கள்: படகின் பெயர், கொடி, பதிவு எண், நீளம்; ஒவ்வொருவரின் முழுப்பெயர், பிறந்த தேதி, நாடு, கடவுச்சீட்டு எண்; முந்தைய துறைமுகம், அடுத்த துறைமுகம். நம் பெயர்களில் தகப்பன் பெயரும் தன் பெயரும் இடம் மாறும். கடவுச்சீட்டில் உள்ள வரிசையிலேயே எழுதுங்கள். படகின் பெயரோடு ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்துகொள்ளுங்கள். சட்டத்தில் இல்லை, ஆனால் மத்தியதரைக் கடலின் அலுவலகங்களில் முத்திரை விழுந்த தாளுக்கு மரியாதை தனி. உரிமையாளர் இல்லாமல் ஓட்டுகிறவரிடம், உரிமையாளர் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதமும் அவர் கடவுச்சீட்டின் நகலும் இருக்க வேண்டும்.

ஓட்டும் தகுதி, வானொலி, காப்பீடு

ஐ.சி.சி. சான்றிதழ் (கிரிக்கெட் அல்ல, ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் வகுத்த படகோட்டித் தகுதிச் சான்று) கடலுக்கு ஒன்று, உள்நாட்டு நீர்வழிக்குச் சேர்க்கை ஒன்று. பிரான்ஸ், பெல்ஜியம், ஜெர்மனி கால்வாய்கள் வழியாகப் பாய்மரத்தை இறக்கிவைத்துப் போகிறவர்களுக்கு செவ்னி எனும் உள்நாட்டு நீர்வழி விதிகளில் தேர்வு எழுதிய சேர்க்கை வேண்டும். அங்கே வி.எச்.எஃப். கருவியில், பேசும் படகைத் தானே அடையாளம் காட்டும் ஏடிஸ் இயங்க வேண்டும். அதன் எண் 9-ல் தொடங்கும் 10 இலக்கம். கடலுக்கு வந்ததும் அதை அணைத்துவிட வேண்டும். பிரெஞ்சுக் கால்வாய்களுக்கு, அவற்றை நடத்தும் வி.என்.எஃப். அமைப்பின் கட்டணச்சீட்டு தனி.

காப்பீட்டில் மூன்றாம் நபர் இழப்பீட்டுத் தொகை எழுத்தில் தெரிய வேண்டும். ஸ்பெயின், இத்தாலி, கிரீஸுக்கு அந்தந்த மொழிப் பிரதியைக் காப்பீட்டாரிடமே கேட்டால் அனுப்புவார்கள். தாளைவிடப் பெரிய பிரச்சினை பயணப் பரப்பு. பிரிட்டிஷ் காப்பீடுகள் பல ஜெர்மனியின் எல்பே ஆறு முதல் பிரான்ஸின் பிரெஸ்ட் வரைதான். பிரெஸ்ட்டைத் தாண்டி பிஸ்கே வளைகுடாவில் இறங்கினால் அந்தத் தாள் வெறும் தாள். இரவில் தனியாக ஓட்டத் தடை போடும் வரியும் சில நேரம் இருக்கும்.

நாட்டுக்கு நாடு

கிரீஸில் 7 மீட்டருக்கு மேற்பட்ட படகுக்கு டெபாய் எனும் பயண வரி. படகின் நீளத்தைப் பொறுத்துக் கணக்கு மாறும். இணையத்தில் விண்ணப்பித்தால் வரும் குறியீட்டை வைத்து வங்கியில் கட்ட வேண்டும். பணம் சேரச் சில நாளாகும், ஆகவே நுழைவதற்கு முன் வாரமே கட்டுங்கள். குரோஷியாவில் பாதுகாப்புப் பயணக் கட்டணமும் கலங்கரை விளக்கக் கட்டணமும், படுக்கை உள்ள படகுக்குத் தங்கல் வரியும் உண்டு. நீங்கள் இருக்கும் நாட்களைப் பார்த்து 8, 15, 30, 90 நாள் என்று தேர்ந்தெடுக்கலாம்.

பிரிட்டனுக்குள் நுழையவும் அங்கிருந்து வெளியேறவும் உல்லாசப் படகு அறிக்கையை இணையத்தில் அனுப்ப வேண்டும்: புறப்படுவதற்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள், ஆனால் குறைந்தது 2 மணி நேரம் முன்பாக. 12 கடல்மைல் எல்லைக்குள் வந்ததும் மஞ்சள் கியூ கொடி ஏற்ற வேண்டும். நாய் பூனையைப் பிரான்ஸிலிருந்து சொந்தப் படகில் இங்கிலாந்துக்குள் கொண்டுவர முடியாது. அனுமதிக்கப்பட்ட வழியில்தான் வரவேண்டும்.

பிரிட்டனில் சிவப்புச் சாய டீசல் (வரிச்சலுகை உள்ளது என்று காட்டச் சாயம் கலந்தது) ஊற்றிய படகை மறுகரையில் சோதிப்பதுண்டு. பெல்ஜியத்தில் அபராதமே விதித்திருக்கிறார்கள். வரி கட்டியது என்று குறித்த ரசீது, தொட்டியில் ஊற்றிய நாளின் இயந்திர மணி, இரண்டும் பதிவேட்டில் இருக்கட்டும். ஜெரிக்கேனில் சிவப்பு டீசல் ஒரு சொட்டும் வேண்டாம்.

லாரியில் கொண்டுபோவதாலும் இந்தத் தாள்கள் ஒன்றும் குறையாது. 2.55 மீட்டரைவிட அகலமான படகுக்கு ஒவ்வொரு நாட்டிலும் தனி அனுமதி வேண்டும்; வண்டியோடு சேர்த்து 4 மீட்டர் உயரத்தைத் தாண்டினாலும் அப்படியே. சுவிட்சர்லாந்து வழியே போனால் சுங்க எல்லையை இருமுறை கடக்கிறீர்கள். சுங்கத்தின் இடைவழித் தாள் (டிரான்சிட்) இல்லாமல் போனால் வாட் கட்டிய படகும் வெளிப்பொருள் என்று எழுதப்பட்டுவிடும்.

கோப்பில் அசல்கள் ஒரு நீர்புகா உறையில், நகல்கள் இன்னொன்றில், ஸ்கேன்கள் கைப்பேசியிலும் கரையில் நம்பகமான ஒருவரிடமும். வாட் விலைப்பட்டியலின் அசலை மட்டும் எந்த அலுவலகத்திலும் விட்டுவிட்டு வராதீர்கள். நகலில் அவர்களைச் சான்று போடச் சொல்லி, அசலை அன்றே வாங்கிக்கொள்ளுங்கள்.